மருந்தடிக்க வருகிறவரிடம் கேட்க வேண்டிய உரிமம்

ஹைதராபாத் லாலாகுடாவில் முதல் மழை விழுந்ததும் பூச்சித் தொல்லை தொடங்கிவிடும். பழைய ரயில்வே குடியிருப்புகளின் மரச் சட்டங்களில் கரையான் ஏறும். தார்நாகா பக்கம் மாணவர்கள் தங்கும் விடுதிகளில் மூட்டைப்பூச்சி. அடுக்ககச் சமையலறைகளில் கரப்பான். பொறுத்துப் பார்த்துவிட்டு, கைப்பேசியில் தேடி ஏதாவது ஒரு பெஸ்ட் கண்ட்ரோல் நிறுவனத்தை அழைக்கிறோம். மறுநாள் ஓர் இளைஞர் இரு சக்கர வண்டியில் தெளிப்பானோடு வந்து இறங்குகிறார். எவ்வளவு ஆகும், எத்தனை மாதத்துக்கு உத்தரவாதம், வாடை எவ்வளவு நேரம் இருக்கும் என்றெல்லாம் கேட்கிறோம். இந்த வேலையைச் செய்ய உங்களுக்கு உரிமம் இருக்கிறதா என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. அப்படி ஓர் உரிமம் சட்டத்தில் இருப்பதே பலருக்குத் தெரியாது.

இருக்கிறது. பல பத்தாண்டுகளாக இருக்கிறது. 1968-ம் ஆண்டின் பூச்சிக்கொல்லிகள் சட்டம், 1971 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டில் அதற்கான விதிகளும் வந்தன. சட்டத்தின் 13-வது பிரிவு, பூச்சிக்கொல்லியைத் தயாரிப்பவருக்கும் விற்பவருக்கும் மட்டுமல்லாமல், அதைக் கொண்டு வணிகமுறையில் பூச்சிக் கட்டுப்பாடு செய்பவருக்கும் உரிமம் வேண்டும் என்கிறது. உரிமம் கொடுப்பது மாநில அரசு நியமிக்கும் உரிம அதிகாரி. தெலங்கானாவிலும் தமிழ்நாட்டிலும் இது வேளாண் துறையின் வேலை. நகரத்து வீட்டில் கரப்பானுக்கு அடிக்கும் மருந்துக்கு வேளாண் துறை உரிமமா என்று வியப்பாக இருக்கலாம். வயலில் அடிப்பதும் வீட்டில் அடிப்பதும் சட்டத்தின் கண்ணில் ஒரே வகைப் பொருள்தான், அதனால் அதிகாரியும் ஒருவர்தான்.

இந்தச் சட்டம் சாவிலிருந்து பிறந்தது. 1958-ல் கேரளத்தில் கோதுமை மாவு சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உணவுப் பொருளோடு சேர்த்து ஏற்றிவந்த பாரத்தியான் என்ற பூச்சிக்கொல்லி கசிந்து மாவில் கலந்திருந்தது. ஃபோலிடால் என்ற பெயரில் விற்கப்பட்ட மருந்து அது. நீதிபதி ஜே.சி. ஷா தலைமையில் விசாரணை நடந்தது. பூச்சிக்கொல்லிகளைக் கட்டுப்படுத்தத் தனிச் சட்டம் தேவை என்ற பேச்சு வலுத்ததும், பத்தாண்டு கழித்து 1968-ல் சட்டம் நிறைவேறியதும் அதன் தொடர்ச்சிதான். எதைத் தயாரிக்கலாம், எதை எப்படிக் கட்டலாம், எங்கே விற்கலாம், சரக்கோடு சரக்காக எப்படிக் கொண்டுபோகலாம் என்பதுதான் சட்டத்தின் முதல் கவலையாக இருந்தது. பொட்டலத்துக்குள் இருக்கும் நஞ்சைச் சட்டம் நன்றாகவே கவனித்தது. பொட்டலத்தைப் பிரித்துத் தண்ணீரில் கலந்து தெளிக்கும் கையின் மேல் அதன் பார்வை அவ்வளவாக விழவில்லை. அந்தக் குறை இன்று வரை தொடர்வதைக் கீழே பார்க்கப் போகிறோம்.

யாருக்கு உரிமம் வேண்டும், யாருக்கு வேண்டாம்

விதிகள் வணிகமுறைப் பூச்சிக் கட்டுப்பாட்டை அகலமாகவே வரையறுக்கின்றன. வீடு, பொது இடம், தனியார் இடம், நிலம் எதுவானாலும் அங்கே காசுக்காகப் பூச்சிக்கொல்லி தெளித்தாலோ, தூவினாலோ, புகைமூட்டம் போட்டாலோ அது இதில் அடங்கும். வயலில் செய்வதும் வானிலிருந்து தெளிப்பதும் சேர்த்தி. சொந்த உபயோகம் மட்டும் விலக்கு. வேலையைச் செய்யும் ஆளும், அவர் யாருக்குக் கீழே வேலை செய்கிறாரோ அந்த நிறுவனமும், இரண்டு பேரும் 'பூச்சிக் கட்டுப்பாட்டாளர்' என்ற வரையறைக்குள் வருகிறார்கள்.

உரிமம் கேட்டு விண்ணப்பிப்பவர் வேளாண்மையில் பட்டம் பெற்றிருக்க வேண்டும், அல்லது வேதியியலைப் பாடமாக எடுத்து அறிவியல் பட்டம் பெற்றிருக்க வேண்டும். அத்துடன் குறைந்தது 15 நாள் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். அந்தப் பயிற்சியை எங்கே வேண்டுமானாலும் பெற்றுவிட முடியாது. விதிகள் மூன்று நிறுவனங்களைத்தான் பெயர் சொல்லிக் குறிப்பிடுகின்றன: மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம், உத்தரப் பிரதேசத்தின் ஹாப்பூரில் உள்ள தானியச் சேமிப்பு நிறுவனம், ஹைதராபாத்தில் உள்ள தேசியப் பயிர்ப் பாதுகாப்புப் பயிற்சி நிறுவனம்.

மூன்றாவதாகச் சொன்னது லாலாகுடாவாசிகளுக்கு உள்ளூர் விஷயம். 1966-ல் மத்தியப் பயிர்ப் பாதுகாப்புப் பயிற்சி நிறுவனமாகத் தொடங்கி, பின்பு 'தேசிய' என்ற அடைமொழி பெற்று, 2008-ல் தேசியப் பயிர் நல மேலாண்மை நிறுவனம் என்று பெயர் மாறி, இப்போது ராஜேந்திரநகரில் இயங்குகிறது. நகரத்தின் வடகிழக்கில் இருக்கும் லாலாகுடாவிலிருந்து தென்மேற்கு மூலைக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். வேதியியல் படித்துவிட்டு வேலை தேடும் இளைஞர்கள் இந்தப் பகுதியில் நிறைய இருக்கிறார்கள். பெஸ்ட் கண்ட்ரோல் தொழில் தொடங்க நினைப்பவர்களுக்கு மைசூருக்கோ ஹாப்பூருக்கோ போய்த் தங்கும் செலவு இல்லை. விதிகள் பெயர் சொல்லும் மூன்று நிறுவனங்களில் ஒன்று நகரப் பேருந்தில் போய்வரும் தூரத்தில் இருக்கிறது.

சாதாரண மருந்துகளுக்கு இந்த உரிமம் போதும். புகைமூட்ட மருந்துகளுக்குப் போதாது. அலுமினியம் பாஸ்பைடு, மெத்தில் புரோமைடு இரண்டையும் பயன்படுத்த வேண்டுமானால், மத்திய அரசின் பயிர்ப் பாதுகாப்பு ஆலோசகர் அலுவலகம் உங்கள் நிபுணத்துவத்தைத் தனியாக அங்கீகரித்திருக்க வேண்டும். இவற்றை அரசு, அரசு நிறுவனங்கள், பூச்சிக் கட்டுப்பாட்டாளர்கள் ஆகியோர் மட்டுமே, அரசு நிபுணர் அல்லது அங்கீகாரம் பெற்ற நிபுணரின் நேரடி மேற்பார்வையில் பயன்படுத்தலாம். ஒரு காலத்தில் இந்த வரிசையில் இருந்த எத்திலீன் டைபுரோமைடு 2001-ல் முழுவதுமாகத் தடை செய்யப்பட்டுவிட்டது.

அலுமினியம் பாஸ்பைடைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீடுகளில் இது செய்யும் நாசம் பெரிது. தானியக் கிடங்குகளில் மூட்டைகளை உறையால் மூடி, உள்ளே வைக்கும் மாத்திரை இது. காற்றில் உள்ள ஈரம் பட்டதும் பாஸ்பீன் என்ற வாயுவாக வெளிவரும். 3 கிராம் மாத்திரை ஒன்று ஏறக்குறைய 1 கிராம் வாயுவைத் தரும். அந்த வாயு வண்டையும் அந்துப்பூச்சியையும் எலியையும் கொல்வது போலவே மனிதரையும் கொல்லும். இதற்கு மாற்று மருந்து கிடையாது. மருத்துவமனைக்குப் போனாலும் உடலைத் தாங்கிப் பிடிக்கத்தான் முடியும், நஞ்சை முறிக்க முடியாது. வாயு என்பதால் கதவிடுக்கு, சுவர் விரிசல், குழாய் செல்லும் துளை எல்லாவற்றிலும் நுழையும். ஒரு வீட்டில் மூட்டைப்பூச்சிக்காக வைத்தால் பக்கத்து வீட்டில் தூங்குபவர் இறக்கலாம். பூண்டு வாடை, அழுகிய மீன் வாடை என்று சொல்வார்கள். வாடை வந்த பிறகு யோசிக்க நேரம் இருக்காது, எல்லோரையும் எழுப்பிக்கொண்டு வெளியே போய்விட வேண்டும். விடுதி மூட்டைப்பூச்சிக்கு 'பலமான மாத்திரை' ஒன்று இருக்கிறது என்று யாராவது சொன்னால், அவரிடம் எந்த உரிமம் இருந்தாலும் அவரை உள்ளே விடக்கூடாது. மனிதர் குடியிருக்கும் அறை அதை வைக்கும் இடமே அல்ல.

2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் நடந்ததைத் தமிழ் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எலித் தொல்லைக்காக ஒரு குடும்பம் பெஸ்ட் கண்ட்ரோல் ஆட்களை அழைத்தது. அவர்கள் வீட்டுக்குள் எலி மருந்து வைத்துவிட்டுப் போனார்கள். குளிர்சாதனம் ஓடிய அறையில் குடும்பம் உறங்கியது. இரண்டு குழந்தைகள் இறந்தார்கள், பெற்றோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அந்தக் குடும்பம் தவறு எதுவும் செய்யவில்லை. அவர்கள் செய்தது இதுதான்: எல்லோரையும் போலத் தொழில் தெரிந்தவர்கள் என்று நம்பி ஆட்களை அழைத்தார்கள். அந்த நம்பிக்கையைக் காப்பதற்குத்தான் உரிமம் என்ற ஏற்பாடே இருக்கிறது.

உரிமம் வேண்டாதவர் யார்? சட்டத்தின் 38-வது பிரிவு பதில் சொல்கிறது. சொந்த வீட்டுக்கும், வீட்டுத் தோட்டத்துக்கும், தான் பயிரிடும் நிலத்துக்கும் பூச்சிக்கொல்லி பயன்படுத்துபவரை இந்தச் சட்டம் தொடாது. நீங்கள் கடையில் ஸ்பிரே வாங்கிக் கரப்பானுக்கு அடிப்பது இதில் அடங்கும். வாரங்கலில் ஒரு பருத்தி விவசாயி தன் காட்டுக்குத் தானே மருந்தடிப்பதும் இதில்தான் அடங்கும். கோடிக்கணக்கான சிறு விவசாயிகளை அலுவலகம் அலுவலகமாக அலைய வைக்கக்கூடாது என்ற எண்ணம் நியாயமானதுதான். ஆனால் அந்தப் பருத்திக் காட்டில் கூலிக்கு மருந்தடிப்பவர் யாருடைய கணக்கில் வருகிறார்? நிலம் அவருடையது அல்ல, எனவே விலக்கு அவருக்கு இல்லை. அவர் நிறுவனம் நடத்தவில்லை, எனவே யாரும் அவரிடம் உரிமம் கேட்பதும் இல்லை. முதுகில் 16 லிட்டர் தெளிப்பானைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகக் கூலிக்குப் போகிறவர் சட்டத்தின் இடுக்கில் நிற்கிறார்.

அந்த இடுக்கில் நின்றவர்கள் 2017-ல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் இறந்தார்கள். பருத்திக்கு மருந்தடித்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள், நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள். அந்த ஆண்டு செடிகள் ஆள் உயரம் வளர்ந்திருந்தன, தெளித்த மருந்து முகத்துக்கு நேராக வந்தது. இரண்டு மூன்று மருந்துகளைக் கலந்து அடித்தார்கள். முகமூடி, கையுறை இல்லை. இறந்தவர்களில் பலர் கூலிக்குத் தெளித்தவர்கள்.

களைக்கொல்லி கிளைபோசேட் விஷயத்தில் அரசு வேறு வழியில் போனது. 2022 அக்டோபரில் வந்த ஆணைப்படி, கிளைபோசேட்டைப் பூச்சிக் கட்டுப்பாட்டாளர்கள் மூலமாக மட்டுமே பயன்படுத்தலாம். காகிதத்தில் இது பெரிய மாற்றம். நகரத்தில் கரப்பானுக்கும் கரையானுக்கும் என்று நினைத்திருந்த உரிமம், வயல் வரப்பில் களை அழிக்கவும் தேவை என்றாகிவிட்டது. மல்காஜ்கிரியில் உரிமம் பெற்ற நிறுவனத்தைத் தேடிப் பிடித்துவிடலாம். ஆதிலாபாத் மாவட்டத்து ஒரு சிற்றூரில் எங்கே தேடுவது? ஊருக்கு ஒரு பயிற்சி பெற்ற தெளிப்பாளரை முதலில் உருவாக்கிவிட்டு, அதற்குப் பிறகு ஆணை போட்டிருந்தால் அது நடைமுறைக்கு வந்திருக்கும்.

உரிமம் அலுவலகச் சுவரில், தெளிப்பான் வேறொருவர் கையில்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். உங்கள் வீட்டுக்கு வரும் நிறுவனத்திடம் செல்லுபடியாகும் உரிமம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அந்த உரிமம் நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது. பட்டம் படித்து 15 நாள் பயிற்சி பெற்ற ஒருவர் அலுவலகத்தில் இருக்கிறார். உங்கள் வீட்டுக்கு வந்த இளைஞர் அந்த ஒருவர் அல்ல. அவர் பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ படித்தவராக இருக்கலாம், போன மாதம் வேலையில் சேர்ந்திருக்கலாம், மூத்த ஆள் ஒருவரோடு நாலு வீடு போய்ப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கலாம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு எத்தனை மில்லி மருந்து என்பதை முடிவு செய்வது அவர் கை. குழந்தை தவழும் தரையில் அடிப்பதா, சுவரோரத்தில் மட்டும் அடிப்பதா என்பதும் அவர் முடிவுதான். அந்தக் கைக்கு இந்தியாவில் தனி உரிமம் கிடையாது.

விதிகள் அவரை முழுவதும் மறந்துவிட்டன என்று சொல்ல முடியாது. மருந்து தெளிக்கும் வேலையில் இருப்பவர்களுக்கு வேலையில் சேர்வதற்கு முன்பும் பிறகு உரிய இடைவெளிகளிலும் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று 1971-ம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் வகை மருந்துகளைக் கையாள்பவர்களின் ரத்தத்தில் கோலினெஸ்டிரேஸ் என்ற நொதியின் அளவைப் பார்க்க வேண்டும். நரம்புக்கும் தசைக்கும் இடையே செய்தி போய்ச் சேர்ந்ததும் அந்தச் செய்தியை அணைத்துவிடும் நொதி அது. இந்த வகை மருந்துகள் அதை முடக்கிவிடும். செய்தி அணையாமல் ஓடிக்கொண்டே இருப்பதால் வாயில் எச்சில் வடியும், வியர்க்கும், கண்மணி சுருங்கும், கடைசியில் மூச்சு நிற்கும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உடலில் ஏறினால் வெளியே ஒன்றும் தெரியாமலே அளவு குறைந்துகொண்டு வரும். ரத்தப் பரிசோதனை ஒன்றுதான் முன்கூட்டியே எச்சரிக்கும். பாதுகாப்பு உடை, மூச்சுக் கவசம், முதலுதவி பற்றியும் விதிகள் இருக்கின்றன. தயாரிப்பாளரும் விநியோகிப்பவரும் பூச்சிக் கட்டுப்பாட்டாளரும் தங்கள் ஆட்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி தர வேண்டும் என்றும் இருக்கிறது.

ஆனால் அந்தப் பயிற்சி எத்தனை நாள், யார் தருவது, தேர்வு உண்டா, சான்றிதழ் உண்டா என்ற கேள்விகளுக்கு அங்கே விடை இல்லை. நிறுவனம் தந்தால் உண்டு, தராவிட்டால் இல்லை. வீட்டுக்காரர் கேட்டால் காட்டுவதற்கு அந்த இளைஞரிடம் எதுவும் இருக்காது.

மருந்து விற்பவர் விஷயத்தில் அரசு இதைவிடக் கண்டிப்பாக நடந்துகொண்டது. பூச்சி மருந்துக் கடை வைப்பவருக்கும் அது தொடர்பான படிப்பு வேண்டும் என்று 2015-ல் விதி திருத்தப்பட்டது. ஏற்கெனவே கடை வைத்திருப்பவர்கள் படிக்க வகுப்புகள் ஏற்பட்டன. ராஜேந்திரநகரில் உள்ள தேசிய வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனமான 'மேனேஜ்' 2003-லேயே கடைக்காரர்களுக்கான ஓராண்டுப் பட்டயப் படிப்பைத் தொடங்கியிருந்தது. தலைமுறை தலைமுறையாகக் கடை நடத்தியவர்கள் நோட்டும் பேனாவுமாக வகுப்பில் போய் உட்கார்ந்தார்கள். விற்கும் கைக்கு இதெல்லாம் சாத்தியம் என்றால் தெளிக்கும் கைக்கும் சாத்தியம்தான்.

ட்ரோனைப் பாருங்கள். ட்ரோனில் மருந்தடிக்க வேண்டுமானால், 2021-ம் ஆண்டின் ட்ரோன் விதிகளின்படி அங்கீகரிக்கப்பட்ட பள்ளியில் பயிற்சி பெற்று, தொலைவிலிருந்து இயக்கும் விமானிச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். அதே ஆண்டு டிசம்பரில், பூச்சிக்கொல்லி தெளிக்கும் ட்ரோன்களுக்கென்று தனி வழிகாட்டு நெறிமுறையை வேளாண் அமைச்சகம் வெளியிட்டது. சுய உதவிக் குழுப் பெண்களுக்கு ட்ரோன் கொடுக்கும் 'நமோ ட்ரோன் தீதி' திட்டத்தில் 15 நாள் பயிற்சி: 5 நாள் ட்ரோன் ஓட்ட, 10 நாள் உரமும் மருந்தும் தெளிக்க. ட்ரோன் ஓட்டுபவர் மருந்திலிருந்து பல மீட்டர் தள்ளி நிற்கிறார். அவருக்குப் பயிற்சி, சான்றிதழ் எல்லாம் உண்டு. தெளிப்பானை முதுகில் கட்டிக்கொண்டு மருந்துப் புகைக்குள்ளேயே நடப்பவருக்கு ஒன்றும் இல்லை. இதற்கு எந்த நியாயமும் சொல்ல முடியாது.

தமிழர்கள் நிறைய வாழும் இரண்டு நாடுகளில் ஏற்பாடு வேறு. சிங்கப்பூரில் தேசியச் சுற்றுச்சூழல் வாரியம் மூன்று படிகள் வைத்திருக்கிறது. நிறுவனம் பதிவு செய்துகொள்ள வேண்டும். வேலையை மேற்பார்க்கும் தொழில்நுட்பருக்குத் தனி உரிமம். மருந்தடிக்கும் தொழிலாளிக்கும் தனிச் சான்று. கொசு ஒழிப்புக்கு வீடு வீடாகப் போகும் தமிழ்த் தொழிலாளியும் பாடம் படித்துத் தேர்வு எழுதித்தான் அந்த வேலைக்குள் வருகிறார். மலேசியாவிலும் 1974-ம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் நிறுவனத்துக்கு ஓர் உரிமம், தெளிப்பவருக்கு வேறோர் உரிமம். அமெரிக்காவில், ஆபத்து மிகுந்தவை என்று வகைப்படுத்திய மருந்துகளைச் சான்று பெற்றவர் அல்லது அவர் மேற்பார்வையில் இருப்பவர் மட்டுமே தொடலாம். தன் சொந்த நிலத்தில் அடிக்கும் விவசாயிக்கும் அந்த வகை மருந்துக்குச் சான்று வேண்டும். 38-வது பிரிவு போன்ற மொத்த விலக்கு அங்கே இல்லை.

நம் நாட்டிலும் புதிய சட்டம் கொண்டுவரும் முயற்சி நடக்காமல் இல்லை. 2008-ல் ஒரு மசோதா வந்து நின்றுபோனது. 2020 மார்ச்சில் பூச்சிக்கொல்லி மேலாண்மை மசோதா மாநிலங்களவையில் அறிமுகமாகி, நாடாளுமன்ற நிலைக்குழுவுக்குப் போனது. அதுவும் சட்டமாகவில்லை. 1968-ம் ஆண்டுச் சட்டத்தின் நிழலில்தான் இன்றும் நாம் மருந்தடிக்க ஆள் கூப்பிடுகிறோம்.

வாசலில் நின்று என்ன கேட்பது

உரிமத்தின் நகலைக் கேளுங்கள். மாநகராட்சியின் வர்த்தக உரிமத்தையோ ஜிஎஸ்டி பதிவையோ காட்டி இதுதான் லைசென்ஸ் என்று சொல்பவர்கள் உண்டு. அவை கடை நடத்துவதற்கும் வரி கட்டுவதற்கும் உரியவை. தொழில் சங்க உறுப்பினர் அட்டையும் உரிமம் ஆகாது. பூச்சிக்கொல்லிகள் சட்டத்தின் கீழ் வேளாண் துறையின் உரிம அதிகாரி கையெழுத்திட்ட தாளில், நிறுவனத்தின் பெயரும் முகவரியும் நீங்கள் பேசிக்கொண்டிருக்கும் நிறுவனத்துடையதாக இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்ததாக மருந்தின் பெயர். 'எங்கள் ஸ்பெஷல் மிக்ஸ்' என்ற பதிலை ஏற்காதீர்கள். பெயர் ஒட்டாத கேனில் கலந்து கொண்டுவந்த மருந்தை வீட்டுக்குள் அடிக்க விடாதீர்கள். மூல டப்பாவைக் காட்டச் சொல்லுங்கள். அதன் லேபிளில் பதிவு எண் இருக்கும், காலாவதித் தேதி இருக்கும், சாய்சதுரத்துக்குள் ஒரு முக்கோணத்தில் நிறம் இருக்கும். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, மஞ்சள் அதற்கு அடுத்தது, நீலம் நடுத்தரம், பச்சை குறைந்தது. சிவப்பு முக்கோண மருந்துக்குக் குடியிருக்கும் வீட்டில் இடமில்லை. ஒரு பெயரைக் குறிப்பாக நினைவில் வையுங்கள்: டைகுளோர்வாஸ். நுவான் என்ற பெயரில் பல ஆண்டுகள் வீடுகளில் புழங்கிய மருந்து. 2018-ல் போட்ட ஆணைப்படி 2020 டிசம்பர் 31-லிருந்து நாடு முழுவதும் தடை. மீதமிருந்த சரக்கு என்று சொல்லி யாராவது கொண்டுவந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

கரப்பானுக்கு இப்போது ஜெல் வைக்கிறார்கள். கீல் இடுக்கிலும் அலமாரி மூலையிலும் சிறு துளியாக வைப்பது. அறை முழுக்கப் புகையாய்த் தெளிப்பதைவிட வீட்டிலிருப்பவர்களுக்கும் நல்லது, மருந்து வைப்பவருக்கும் நல்லது. ஜெல்லால் முடியும் வேலைக்குத் தெளிப்பைக் கேட்டு வாங்காதீர்கள். வாடை வந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்று நினைத்து, கொஞ்சம் கூடவே அடியுங்கள் என்று சொல்லும் வீட்டுக்காரர்களும் ஆபத்துக்குக் காரணமாகிறார்கள்.

கரையானுக்குத் தரையில் துளையிட்டு மருந்து ஏற்றும் வேலையில் ஹைதராபாத் வீடுகளுக்கென்று ஒரு தனிக் கவலை உண்டு. இங்கே பெரும்பாலான வீடுகளின் முன்புறம் நிலத்தடியில் சம்ப் இருக்கும். குடிநீர் அதில்தான் நிற்கிறது. சம்ப்பின் சுவர் எங்கே ஓடுகிறது, பழைய கிணறு மூடப்பட்ட இடம் எது, ஆழ்துளைக் கிணறு எவ்வளவு தூரத்தில் என்பதை ஆட்கள் துளைபோடத் தொடங்குவதற்கு முன் நீங்களே நடந்து காட்டுங்கள். கட்டி முடித்த கட்டடங்களில் கரையான் தடுப்பு எப்படிச் செய்வது என்று ஐஎஸ் 6313 என்ற இந்தியத் தர நிர்ணயத்தின் மூன்றாம் பகுதி சொல்கிறது. அதன்படிதான் செய்கிறீர்களா என்று கேளுங்கள். கேள்வியே புரியாமல் விழிக்கிற நிறுவனத்துக்கு உங்கள் வீட்டுத் தரையைக் கொடுக்க வேண்டியதில்லை.

வேலை முடிந்ததும் எத்தனை மணி நேரம் வெளியே இருக்க வேண்டும், எந்த ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும், தரையை எப்போது துடைக்கலாம் என்பதை எழுதி வாங்குங்கள். ரசீதில் மருந்தின் பெயரை எழுதச் சொல்லுங்கள். வீட்டில் யாருக்காவது அன்றிரவு வாந்தியோ மூச்சுத் திணறலோ வந்தால் மருத்துவர் முதலில் கேட்கப்போவது அந்தப் பெயரைத்தான். ஆர்கனோபாஸ்பேட் என்றால் அட்ரோபின் இருக்கிறது, பாஸ்பீன் என்றால் அது உதவாது. அடித்த மருந்து எது என்று தெரியாமல் மருத்துவர் தடுமாறும் ஒவ்வொரு நிமிடமும் விலை உயர்ந்தது. உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கும் வேலை வேண்டாம். டப்பாவையோ லேபிளின் படத்தையோ எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய நஞ்சுத் தகவல் மையத்தைக் கட்டணமில்லாத 1800 116 117 என்ற எண்ணில் அழைக்கலாம்.

வந்த இளைஞரிடம் கேட்கவும் ஒன்று இருக்கிறது. கையுறை இருக்கிறதா, முகக் கவசம் இருக்கிறதா, இந்த வேலைக்கு உங்களுக்கு யார் பயிற்சி கொடுத்தது, ரத்தம் பரிசோதித்தார்களா? அதட்டலாக வேண்டாம், 'தம்பி' என்று சொல்லியே கேளுங்கள். கையுறை இல்லாமல் வந்திருந்தால், கையுறையோடு இன்னொரு நாள் வரச் சொல்லி நிறுவனத்துக்குப் போன் செய்யுங்கள். நீங்கள் ஒரு நாள் மருந்தடித்துக்கொள்கிறீர்கள். அவர் ஒரே நாளில் பல வீடு, வருடம் முழுவதும். உங்கள் வீட்டில் உள்ள எல்லோரையும்விட அதிக ஆபத்தில் இருப்பவர் அவர்தான்.

ஒரு வீட்டுக்காரர் தனியாகக் கேட்டால் நிறுவனம் வேறு வீட்டைப் பார்த்துக்கொண்டு போய்விடலாம். சேர்ந்து கேட்டால் போக முடியாது. லாலாகுடாவில் அதற்கு வசதி இருக்கிறது. நிஜாம் காலத்தில் 1893-ல் தொடங்கிய ரயில் பெட்டிப் பணிமனை, ரயில்வே மருத்துவமனை, ஊழியர் குடியிருப்புகள் என்று பெரிய அமைப்புகள் உள்ள பகுதி இது. அடுக்ககங்களுக்கும் காலனிகளுக்கும் நலச் சங்கங்கள் இருக்கின்றன, அவை பெஸ்ட் கண்ட்ரோலுக்கு ஆண்டு ஒப்பந்தம் போடுகின்றன. அந்த ஒப்பந்தத்தில் விலைக்கும் உத்தரவாதத்துக்கும் கீழே இரண்டு வரி சேர்க்கச் சட்டம் மாறும் வரை காத்திருக்க வேண்டாம். நம் வளாகத்துக்குள் மருந்தடிக்க வரும் ஒவ்வொருவரின் பெயரும், அவர் எங்கே எத்தனை நாள் பயிற்சி பெற்றார் என்ற சான்றும் முன்கூட்டியே தரப்பட வேண்டும் என்பது ஒரு வரி. அவருடைய மருத்துவப் பரிசோதனை நடந்த தேதியும் சேர்த்துத் தரப்பட வேண்டும் என்பது இன்னொரு வரி. அடுத்த ஒப்பந்தம் புதுப்பிக்க வரும்போது உங்கள் சங்கக் கூட்டத்தில் இதை எழுப்புங்கள். உரிமம் இல்லாமல் தொழில் செய்யும் நிறுவனம் கண்ணில் பட்டால் வேளாண் துறையின் உரிம அதிகாரிக்கு எழுத்து மூலம் புகார் கொடுங்கள்.